கல்குவாரித் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு மாதம் எங்களோடு தங்குவதற்காகப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவரை ‘லிட்டில் குய்லின்’ பார்க்க அழைத்துப் போனோம். புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். ஒரு பக்கம் வீவக அடுக்குமாடிகள், மறுபக்கம் செங்குத்தாக எழுந்து நிற்கும் கரும்பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். அன்றும் ஒரு புதுமண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் கல்யாணம் ஆன பாதிப் பேரின் ஆல்பத்தில் அந்தப் பாறை இருக்கும் என்று நினைக்கிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் என் மகள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இதுக்குள்ள டைவ் பண்ணா அடியில என்ன இருக்கும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். “கல்லெடுத்த குழிப் பக்கம் நிக்காத கண்ணு. வா இந்தப் பக்கம்.” மகளுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் வெளியே வந்தது. கல்லூரி முக்குளிப்பு மன்றத்தில் மகள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறாள். என் கையெழுத்துதான் பாக்கி. எனக்கோ நீச்சல்கூடத் தெரியாது. பதில் சொல்லாமல் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் படித்ததும் விசாரித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவள் கேட்ட கேள்வி. நம் ஊர்ப் பூங்காக்களில் பார்க்கும் இந்தப் பச்சைக் குளங்கள் பல இயற்கையாக உண்டானவை அல்ல. புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக், மண்டாய், புலாவ் உபின் என்று வெடிவைத்துக் கல்லெடுத்த குழிகள். கல் எடுக்கும்வரை பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். வேலை நின்று, பம்பும் நின்ற பிறகு மழையும் ஊற்றும் குழியை நிரப்பிவிடும். லிட்டில் குய்லின் இருக்கும் இடத்தைத் தூர்த்துச் சாலை போடுவதாகத்தான் முதலில் திட்டமாம். பிறகு அந்த அழகைப் பார்த்து மனம் மாறி, 1980களில் பூங்காவாக்கினார்கள். ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்கா, டெய்ரி ஃபார்ம் பூங்காவில் இருக்கும் சிங்கப்பூர் குவாரி, 2022ல் திறந்த ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்கா எல்லாமே பழைய கல்குவாரிகளை ஒட்டி அமைந்தவை. உபினில் கடைசிக் குவாரி மூடியது 1999ல்.

இந்தக் குழிகளுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1825ல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட முதல் தொகுதி இந்தியக் கைதிகள் மதராஸைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சாலை போட, சதுப்பு தூர்க்க, கட்டடம் எழுப்ப என்று இந்த ஊரின் கடினமான வேலைகளில் பெரும்பங்கு இந்தியக் கைதிகள் தலையில்தான் விழுந்தது. 1855ல் ஒளியேற்றப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம், உபின் கல்லும் அவர்களின் உழைப்பும் சேர்ந்து எழுந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால் எரியத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் உபின் கருங்கல்தான். 1924ல் திறந்த ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கல் போனது. உட்லண்ட்ஸில் வாகன வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, நாம் நிற்பது உபின் குழியிலிருந்து வந்த கல்மேல் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பொழுது போகும்.

சரி, இந்தக் குளங்களில் முக்குளிக்கலாமா? கூடாது. பூங்காக்களில் இருக்கும் குவாரித் தண்ணீரில் நீந்தவோ இறங்கவோ அனுமதியில்லை. அறிவிப்புப் பலகை இருக்கிறது, தடுப்பும் இருக்கிறது. “மற்ற நாடுகளில் விடுகிறார்களே” என்று மகள் கைபேசியில் படம் காட்டினாள். அதுவும் உண்மைதான்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷியரில் ‘ஸ்டோனி கோவ்’ என்றொரு இடம். அதுவும் கருங்கல் குவாரிதான். 1958ல் கல்லெடுப்பது நின்றது. ஊற்றுநீர் நிரம்பி ஏரியானது. சில ஆண்டுகளில் முக்குளிப்பாளர்கள் வரத் தொடங்கினார்கள். வடகடலில் எண்ணெய் எடுக்கப் போன தொழில்முறை முக்குளிப்பாளர்கள் பலர் அங்கே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இன்று அது அந்த நாட்டின் பிரபலமான முக்குளிப்பு மையங்களில் ஒன்று. குவாரியைப் படிப்படியாக வெட்டியிருந்ததால் தண்ணீருக்கடியில் இயற்கையாகவே மூன்று தளங்கள் அமைந்துவிட்டன: சுமார் 6 மீட்டர், 20 மீட்டர், 35 மீட்டர். புதியவர்கள் முதல் படியோடு நின்றுகொள்ளலாம். பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று 2000ல் ‘ஸ்டேன்கார்த்’ என்ற பழைய இழுவைப் படகை வேண்டுமென்றே உள்ளே மூழ்கடித்தார்கள். ஒரு ஹெலிகாப்டர்கூட அடியில் கிடக்கிறது.

கடல் இருக்கும்போது குழிக்குள் ஏன் இறங்க வேண்டும்? காரணம் எளிது. குவாரியில் அலை இல்லை, நீரோட்டம் இல்லை. வானிலை மோசமானால் படகை ரத்து செய்ய வேண்டியதில்லை. காரை நிறுத்திவிட்டு, உடை மாற்றிக்கொண்டு இறங்கலாம். ஆசிரியர் சொல்வதைச் செய்து பார்க்க அசையாத தண்ணீரைவிட நல்ல வகுப்பறை இல்லை. ஒரு தொல்லை உண்டு. அடியில் நுண்ணிய கல்தூசி படிந்திருக்கும். துடுப்புக் காலணியை ஒருமுறை தவறாக உதைத்தால் தூசி கிளம்பி, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. அதனால் குவாரியில் பழகியவர்கள் காலை அளந்து உதைப்பார்கள் என்று ஒரு பெயர் உண்டு.

அதற்காக லிட்டில் குய்லினையும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தச் சின்ன ஊரில் பறவைக்கும் ஆமைக்கும் மிஞ்சியிருக்கும் நல்ல தண்ணீர் கொஞ்சம்தான். அதிலும் நாம் இறங்கிக் கலக்க வேண்டாம் என்பது என் கட்சி. மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அம்மாவின் கதை.

எங்கள் ஊர்ப் பக்கம் கல்குவாரிகள் அதிகம். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, பதினெட்டு வயதில், நண்பர்களோடு பழைய குவாரியில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர். கிணற்றில் அடி தொட்டு மண் எடுத்து வருவாராம். வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் இருக்கிறது. அதில் அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருப்பார். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுக்காமலே வளர்த்ததற்கு அந்தப் படம்தான் காரணம். நானும் அதைக் காரணமாகச் சொல்லியே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

நீந்தத் தெரிந்தவர் எப்படி மூழ்கினார்? சின்ன வயதில் இதற்குக் கிடைத்த பதில், “உள்ளே இழுத்துக்கிச்சு” என்பதுதான். அது ஏதோ கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்றே நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் காரணங்கள் வெட்டவெளிச்சமாக இருக்கின்றன. குளத்துக்கும் ஆற்றுக்கும் சரிந்து இறங்கும் கரை உண்டு. குவாரிக்குக் கரையே இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவர் அடுத்த அடியை எடுத்து வைத்தால் பத்து மீட்டர் ஆழமாக இருக்கலாம். மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், சற்றுக் கீழே சட்டென்று குளிரும். திடீர்க் குளிரில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் போதும். மேலிருந்து குதித்தால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையும், விட்டுப்போன இரும்பும் தெரியாது. இவை எல்லாவற்றையும் தாண்டி ஓரத்துக்கு நீந்தி வந்தாலும் பிடித்து ஏற எதுவும் கிடையாது. செங்குத்தான, பாசி பிடித்த சுவர்தான். களைத்துப்போனவர் அந்தச் சுவரைத் தடவித் தடவியே மூழ்கிவிடுவார். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கல்குவாரிக் குட்டைச் செய்திகள் வருவதற்குக் காரணம் இவைதான்.

ஆக, ஒரே மாதிரிக் குழி. ஸ்டோனி கோவில் வாரக் கடைசி தோறும் இறங்கி ஏறுகிறார்கள். எங்கள் ஊரில் என் மாமா ஏறவில்லை. வித்தியாசம் எங்கே என்று தேடியபோது, கருவிகளைவிட அதிகமாகக் கண்ணில் பட்டது முன்னேற்பாடு. கருவி இருந்தும் பலன் இல்லாத இடங்களும் உண்டு. வேல்ஸில் ‘டோரத்தியா’ என்ற கைவிடப்பட்ட ஸ்லேட் கல் குவாரி நூறு மீட்டருக்கும் மேல் ஆழமானது. ஆழத்தைத் தேடிப் போன அனுபவசாலிகள் பலரே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை மன்றத்தின் பயிற்சி ஆசிரியர் பெற்றோருக்காக விளக்கக் கூட்டம் நடத்தினார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் குறித்துக்கொண்டதில் சிலவற்றைச் சொல்கிறேன். பிள்ளைகளோ நீங்களோ இந்தப் பக்கம் போவதாக இருந்தால் உதவும்.

அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர் இறங்கக்கூடிய உச்ச ஆழம் 18 மீட்டர். வீவக கணக்கில் ஆறு மாடி. பத்து வயதிலிருந்தே கற்கலாம், ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அந்த அளவு இன்னும் குறையும். முதலில் பாடம், பிறகு நீச்சல் குளத்தில் பயிற்சி, அதன் பின்தான் கடல். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேகம் முக்கியமில்லையாம்.

பத்து மீட்டர் இறங்கினால் உடல்மேல் அழுத்தம் இரட்டிப்பாகிறது. காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சரிசெய்துகொள்ள வேண்டும். விமானத்தில் நாம் செய்வதுதான். எல்லாவற்றிலும் பெரிய விதி, மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியப் பார்க்கும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். நீச்சல்காரருக்கு மூச்சை அடக்குவது திறமை. முக்குளிப்பவருக்கு அதே பழக்கம் ஆபத்து. அதனால்தான் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு இதைப் பழக்குவது சில சமயம் சிரமம் என்றார் ஆசிரியர். நான் மாமாவை நினைத்துக்கொண்டேன்.

நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு. கடல்நீர் சுமார் இரண்டரை விழுக்காடு கனமானது, நம்மை அதிகம் மேலே தள்ளும். குளத்திலோ குவாரியிலோ சரியாக மூழ்கியவர் கடலுக்குப் போனால் இடுப்பில் ஏறக்குறைய இரண்டு கிலோ ஈயம் கூடக் கட்ட வேண்டியிருக்கும். சில முறை முக்குளித்துவிட்டு ஊர் திரும்புவதென்றால் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். விடுமுறையின் கடைசி நாள் காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் விமானம் பிடிக்கும் திட்டமெல்லாம் கூடாது.

பிறகு உடல்நலப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள். ‘ஆம்’ என்று ஒன்றில் குறித்தாலும் மருத்துவர் ஒப்புதல் தேவைப்படலாம். என் மகளுக்குச் சிறுவயதில் இழைப்பு இருந்தது. ஆறேழு ஆண்டுகளாக இல்லை. “இல்லைன்னே போட்டுடவா அப்பா?” என்று மெதுவாகக் கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நொடி அது வசதியாகப் பட்டது. ‘ஆம்’ என்று குறித்தோம். நுரையீரல் பரிசோதனை, அதற்கொரு வார விடுப்பு, மருத்துவரின் கடிதம் என்று மூன்று வாரம் இழுத்தது. முடிவில் போகலாம் என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு முறை அவள் இறங்கும்போதும் நான் எப்படி இருந்திருப்பேன் என்று தெரியவில்லை.

குவாரியும் கிடையாது, எங்கே பயிற்சி? குளப் பயிற்சி முடித்தவர்கள் பலர் வாரக் கடைசியில் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போகிறார்கள். நம் கடலிலும் இறங்கலாம். புலாவ் ஹந்துவுக்குப் படகுகள் போகின்றன. சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்சார் பூங்காவில் 2015லிருந்து தண்ணீருக்கடியில் பாதையே போட்டிருக்கிறார்கள், வழிகாட்டிப் பலகைகளோடு. நம் கடல் கலங்கல், நீரோட்டமும் வேகம், அதனால் அது புதியவர்களுக்கானதல்ல. கப்பல் வரிசைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் நடுவே 250க்கும் மேற்பட்ட வகைக் கடினப் பவளங்கள் நம் கடலில் வாழ்கின்றன என்றபோது கூட்டத்தில் இருந்த பெற்றோர் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் அது புதுச் செய்தி.

கூட்டம் முடிந்து மூன்று பேரும் தேக்காவுக்குப் போனோம், அம்மாவுக்கு நெத்திலி வாங்க. சந்தையில் என் அலுவலக நண்பரைப் பார்த்தோம். தூத்துக்குடிக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “எங்க ஊர்ல சங்கு குளிக்கிறது பரம்பரைத் தொழில். முத்துக்குளிக்கிறப்ப காலுல கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்க. மூச்சுதான் சிலிண்டர்” என்றார். மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகள் நடந்த முறை அது. கனமான கல்லின் உதவியோடு சட்டென்று அடிக்குப் போய், சிப்பிகளைக் கூடையில் சேர்த்து, கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். இன்றைய ஈயப் பட்டைக்கு அந்தக் கல்தான் முன்னோடி.

“கயித்த யாரு பிடிப்பா தெரியுமா ஆச்சி?” என்று அம்மாவிடம் கேட்டார் நண்பர். “மச்சான்தான் பிடிக்கணும். பொண்டாட்டி கூடப் பிறந்தவன். அவன்தான் தங்கச்சி தாலிக்காகக் கண்ணு அசராமப் பிடிப்பான்னு எங்க பக்கம் சொல்லுவாங்க.”

அம்மா சிரிக்கவில்லை. நெத்திலியைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேத்தியிடம் கேட்டார்.

“உனக்குக் கயிறு யாரு பிடிப்பா?”

“கயிறெல்லாம் இல்ல அப்பத்தா. ரெண்டு ரெண்டு பேரா இறங்குவோம். என் டேங்க்ல காத்து தீர்ந்தா அவ டேங்க்லயிருந்து நான் எடுத்துக்கலாம், அதுக்குத் தனியா ஒரு குழாய் இருக்கு. இறங்கறதுக்கு முன்னாடி அவ சாமானை நானும் என் சாமானை அவளும் சரிபார்ப்போம். கண்ணை விட்டு மறையக் கூடாது. மறைஞ்சா ஒரு நிமிஷம் தேடிட்டு ரெண்டு பேரும் மேல வந்துடணும்.”

“யாரு அவ?”

பெயரைச் சொன்னாள். வகுப்புத் தோழி, மலாய்ப் பெண், ஈசூனில் வீடு.

மறுநாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போன வாரத்திலிருந்து எங்கள் வட்டார நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் நானும் சேர்ந்திருக்கிறேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கும் பாடத்தில்தான் இன்னும் நிற்கிறேன். என் பக்கத்துத் தடத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டி உற்சாகப்படுத்துகிறான்.

தியோமான் பயணம் அடுத்த விடுமுறையில். அதற்குள் ஊர் திரும்ப மாட்டேன், விசாவை நீட்டிக்க முடியுமா பார் என்கிறார் அம்மா. நேற்று மகள் குளப் பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு வந்தபோது துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் புள்ளய ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு கண்ணு. கறி ஹலால் கடையில வாங்கிக்கலாம். நான் ஒரு தடவை பார்த்துப் பேசணும்.”